இனிப்புத் திருடன்

ஜூலை 8

அண்ணிக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் போட்ட சத்தத்தில் விடுதியில் என் அறைத்தோழி தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். நானும் பதிலுக்குக் கத்தினேன், இல்லை என்று சொல்லவில்லை. இனிமேல் ஞாயிறு போனில் பிள்ளை கடுகு மட்டும் பேசட்டும். நமக்குள் பேச வேண்டியதை எழுதிக்கொள்வோம். கடிதத்தில் யாரும் யார் பேச்சையும் பாதியில் வெட்ட முடியாது.

நீங்கள் போனைப் பிடுங்கியதால் கேட்க முடியாமல் போனதை இப்போது கேட்கிறேன். கடுகு சொன்னாள்: "அம்மா, நான்தான் திருடன். என்னைப் பாத்தா எல்லாரும் ஓடிருவாங்க." என்னடி திருடினாய் என்றேன். "தெரியலம்மா" என்றாள். அதற்குள் உங்கள் குரல் வந்துவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளை தன்னைத் திருடன் என்கிறாள், எதைத் திருடினாள் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. இது நடப்பது நீங்களே விளையாட்டு டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில்.

இன்னொன்று. பள்ளியில் எடுத்த படத்தை அனுப்பியிருந்தீர்கள். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. நான் இங்கே நாள் முழுக்க ரத்தக் குப்பிகளோடு குடித்தனம் நடத்துகிறவள், வெளுத்த முகம் எனக்குத் தெரியும். அவள் கீழ் இமையை மெல்ல இழுத்து, உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே நான் போன மாதம் தபாலில் அனுப்பிய பிஸ்கட் டின் என்ன ஆனது என்பதையும் பாருங்கள். கடுகுக்கு அப்படி ஒரு டின் வந்ததே தெரியவில்லை.

உங்கள் தம்பி என்னையும் பிள்ளையையும் விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு, "நீ போய்ப் படி. கையில ஒரு வேலை இருந்தா யாரையும் எதிர்பார்க்க வேணாம். பிள்ளையை நான் பாத்துக்கறேன்" என்று சொன்னது நீங்கள்தான். நம்பித்தான் விட்டு வந்தேன். இந்த ஆய்வகப் பயிற்சி முடிய மார்ச் ஆகும். அதுவரை தொடர்ந்து நம்ப எனக்கு ஏதாவது ஒரு காரணம் எழுதுங்கள்.

கடுகின் அம்மா

*

ஜூலை 14

உனக்கு,

'கடுகின் அம்மா' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நான் மறந்துவிடுவேன் என்று பயமா?

திருடன் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அது ஒரு ஆட்டம். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு உணவும் சத்தும் என்று ஒரு பாடம் உண்டு. வகுப்பு டீச்சர் சுவரில் ஒரு படத்தை மாட்டி, குச்சியால் தட்டித் தட்டி, புரதம், மாவுச்சத்து என்று சொல்லிக்கொண்டே போவார். பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கும். மத்தியானம் அதே பிள்ளைகள் காயை மட்டும் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டுக் கை கழுவும். பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய், "அந்தப் பாடத்தை எங்கிட்ட குடுங்க, மைதானத்துல வச்சு நடத்தறேன்" என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டு வாங்கினேன்.

மைதானத்தில் சுண்ணாம்பால் பெரிய தட்டு ஒன்று வரைந்திருக்கிறேன். எதிர்க்கோடியில் மணல் நிரப்பிய சின்னத் துணிப்பைகள், எல்லாம் நானே தைத்தது. பச்சை என்றால் காயும் கீரையும். சிவப்பு பழம். வெள்ளை பால். மஞ்சள் பருப்பும் முட்டையும். பழுப்பு ரொட்டியும் சோறும். பிள்ளை ஓடிப்போய் ஒரு பையை எடுத்து, அந்த நிறத்துக்கு ஒரு சாப்பாட்டின் பெயரைக் கத்திவிட்டுத் திரும்ப வேண்டும். மஞ்சள் எடுத்தால் தவளை மாதிரித் தாவி வர வேண்டும், அது தசைக்கு. வெள்ளை எடுத்தால் நொண்டியடித்து வர வேண்டும், அது எலும்புக்கு. சுருட்டை முடிக்காரி ஒருத்தி இருக்கிறாள், எந்தப் பையை எடுத்தாலும் 'கேரட்!' என்றே கத்துவாள். எல்லா நிறமும் தட்டில் சேர்ந்துவிட்டால் அந்த அணிக்கு வெற்றி. நடுவே கருப்பு மேல்சட்டை போட்ட ஒரு பிள்ளை திரியும். அதுதான் இனிப்புத் திருடன். அது தொட்டுவிட்டால் கையில் இருக்கும் பை போச்சு. இனிப்பைத் தின்று வயிறு நிறைந்தால் நல்லது எதுவும் உள்ளே இறங்காது என்பது அதன் பொருள். இவ்வளவுதான் உன் மகளின் குற்றப் பின்னணி!

இப்போது தொட்டியில் காய் விழுவதில்லை. வேறு பள்ளிகளிலிருந்து டீச்சர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நீ வந்து பார்க்கவில்லை, அங்கிருந்தபடியே தீர்ப்பு எழுதுகிறாய்.

டின் என் அலமாரி உச்சியில் இருக்கிறது. நான்தான் வைத்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இனிப்பைக் குறை என்று பாடம் எடுத்துவிட்டு, என் வீட்டுப் பிள்ளை கிரீம் பிஸ்கட்டோடு வந்து நின்றால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்? ஆனால் உன்னிடம் ஒரு கேள்வி. போன வாரம் அவள் காலுறைக்குள் பிஸ்கட் தூள் இருந்தது. வேறு யார் மூலமாவது தின்பண்டம் கொடுத்தனுப்புகிறாயா? உண்மையைச் சொல்.

இமை பார்த்தேன். கொஞ்சம் வெளுப்புதான். ஆனால் சாப்பிடவில்லை என்று சொல்லாதே. மத்தியானச் சாப்பாட்டு டப்பா துடைத்து வைத்த மாதிரி திரும்பி வருகிறது. ஒரு பருக்கை மிச்சமில்லை. நான் என்ன, ஆக்கிப்போடத் தெரியாதவளா?

அண்ணி

*

ஜூலை 21

அண்ணிக்கு,

டின்னை ஒளித்து வைத்ததை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. நான் யார் மூலமும் எதுவும் கொடுத்தனுப்பவில்லை. அனுப்பும் ஆளாக இருந்தால் முதலில் ஒரு உளவாளியை அனுப்பியிருப்பேன்.

ஆட்டத்தைப் பற்றிப் படித்தேன். நன்றாகவே இருக்கிறது. என் அறைத்தோழிகூடப் படித்துவிட்டு, நம்ம விடுதிச் சமையல்காரருக்கு இதை ஆடிக்காட்டினால் என்ன என்றாள். ஆனால் நீங்கள் பெருமையாக எழுதியதில் ஒரு விஷயம் இல்லை. வேண்டுமென்றே விட்டீர்களா, நினைவில்லாமல் விட்டீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நேரடியாகவே கேட்கிறேன். கருப்புச் சட்டை முறை வைத்து மாறுமா? நேற்று ஒரு பிள்ளை, இன்று ஒரு பிள்ளை என்று போகுமா? கடுகு சொன்ன தினுசைப் பார்த்தால் ஒரு நாள் ஆட்டத்தைச் சொன்ன மாதிரி இல்லை. தன் பெயரைச் சொன்ன மாதிரி இருந்தது.

போனில் நீங்கள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். குக்கர் விசில் சத்தம் எனக்கும் கேட்கிறது. பிள்ளை என்னோடு பேசும்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் யாரையோ நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பேசுகிறாள். அவள் எதைச் சொல்லிவிடுவாள் என்று பயப்படுகிறீர்கள்?

கடுகின் அம்மா

*

ஜூலை 30

உனக்கு,

உளவாளியை அனுப்பியிருப்பேன் என்று எழுதினாய். அனுப்பவே தேவையில்லை, என் வீட்டுக்குள்ளேயே ஒன்றைத் தயார் செய்துவிட்டாயே!

நீ குறைப்பட்டாயே என்று ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரைப் போடாமல் போனைப் பிள்ளையின் காதிலேயே கொடுத்தேன், பேசும்போது லொக்கு லொக்கு என்று இருமினாள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று பதறி, கசப்பு மருந்தைக் குடிக்க வைத்து, கம்பளியைச் சுற்றிப் படுக்கப் போட்டேன். போனை வைத்த பிறகு ஒரு இருமல் இல்லை. அடுத்த வேளை மருந்துப் புட்டியைக் கையில் எடுத்ததும் உண்மை வெளியே வந்தது. "அம்மாதான் சொன்னாங்க அத்தை. ஆமான்னா ஒரு தடவை இருமணும், இல்லைன்னா சும்மா இருக்கணும்னு." நீ கேட்டதையும் சொன்னாள். அத்தை அடிக்கிறாளா, அத்தை திட்டுகிறாளா, அத்தை சோறு போடுகிறாளா. எது எதற்கு இருமினாள் என்று அவளுக்கே குழம்பிப்போய், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் இருமியிருக்கிறாள். இப்போது உன் கணக்குப்படி நான் அடிக்கிறேன், திட்டுகிறேன், சோறும் போடுகிறேன். சந்தோஷமா?

ஒரு குழந்தையிடம் வேவு பார்க்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். எனக்கு எவ்வளவு வலித்தது தெரியுமா? அவள் பிறந்தபோது உனக்கு முன்னால் அவளைக் கையில் வாங்கியவள் நான்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில். இல்லை, முறை மாறாது. கருப்புச் சட்டை எப்போதும் நம்ம கடுகுக்குத்தான். முதல் நாள் இன்னொரு பிள்ளைக்குத்தான் போட்டேன். மறுநாள் காலையில் அவள் அம்மா பள்ளி வாசலில் வந்து நின்றுகொண்டு, "எம்பொண்ணு குண்டா இருக்கான்னுதானே திருடனாக்கினீங்க?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். யார் பிள்ளைக்குப் போட்டாலும் யாராவது ஒருத்தி வந்து நிற்பாள். நம்ம பிள்ளை என்றால் கேட்க யாரும் வரமாட்டார்கள். சொந்தக்காரப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவும் வழியில்லை. இதில் தப்பென்ன? கடுகும் ஒரு நாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. தானே சட்டையை எடுத்து மாட்டிக்கொள்கிறாள்.

டின்னை நேற்று இறக்கிப் பார்த்தேன். பாதி காலி. நீ போனில் இடத்தைச் சொல்லிக்கொடுத்தாயா?

அண்ணி

*

ஆகஸ்ட் 5

அண்ணிக்கு,

இருமல் என் தப்புதான். அந்தக் கசப்பு மருந்தை நான் குடித்திருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் 'நம்ம பிள்ளை என்றால் கேட்க யாரும் வரமாட்டார்கள்' என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்துவிட்டு ஆய்வகத்தில் ஒரு குப்பியைக் கீழே போட்டு உடைத்தேன். கேட்க யாரும் வரமாட்டார்கள். அப்பா இல்லை. அம்மா எங்கோ இருக்கிறாள். அதனால்தானே?

சுருக்கமாக எழுதுகிறேன். டப்பா துடைத்து வைத்த மாதிரி வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் படித்தபோது அது எனக்கு உறைக்கவில்லை. நேற்று பஸ்ஸில் வரும்போது உறைத்தது. அண்ணி, கடுகு முட்டையின் மஞ்சள் கருவைத் தொடமாட்டாள். ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து வைத்துவிடுவாள். பிறந்ததிலிருந்து ஒரு நாளும் அவள் கிண்ணம் காலியாக என் கைக்கு வந்ததில்லை. அவள் டப்பா துடைத்த மாதிரி வருகிறதென்றால், அதைச் சாப்பிடுவது அவள் இல்லை.

யார் சாப்பிடுகிறார்கள்? பிஸ்கட் யாருக்குப் போகிறது? டின் இருக்கும் இடத்தை நான் எப்படிச் சொல்லிக்கொடுக்க முடியும், எனக்கே உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் இருக்கட்டும். ஒரு நாள் மத்தியானம், அவளுக்குத் தெரியாமல், சாப்பிடும் இடத்தில் மறைந்து நின்று பாருங்கள். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிவிட்டுப் போங்கள். அது ஆடினால் உங்களைக் கண்டுபிடித்துவிடுவாள்.

கடுகின் அம்மா

*

ஆகஸ்ட் 11

உனக்கு,

போய்ப் பார்த்தேன்.

பாய்கள் அடுக்கி வைத்திருக்கும் அறையின் ஜன்னலிலிருந்து பார்த்தால் தாழ்வாரம் முழுக்கத் தெரியும். பிள்ளைகள் வரிசையாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கடுகு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வரும்போதே ஒன்று, "திருடன் வருதுடோய்!" என்று கத்தியது. உடனே எல்லாம் தங்கள் டப்பாவைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நகர்ந்தன. பாதி சிரிப்பு, பாதி நிஜம். கடுகு அழவில்லை. பழகிப்போன மாதிரி நடந்து வந்து, அந்தச் சுருட்டை முடிக்காரி முன்னால் குந்தி, டப்பாவைத் திறந்து முட்டையை எடுத்துக் கொடுத்தாள். சுருட்டை நகர்ந்து இடம் விட்டாள். ரொட்டி அந்தப் பக்கத்துப் பிள்ளைக்குப் போனது. பழம் இன்னொன்றுக்கு. பிறகு உட்கார்ந்து, டப்பாவின் மூலையில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்கினாள். கடைசியாகக் காலுறைக்குள் கையை விட்டு பிஸ்கட்டை எடுத்தாள், நொறுங்கிப் போயிருந்தது.

சாயங்காலம் வீட்டில் மெல்லக் கேட்டேன். ஆட்டத்துக்கு விதிமுறை சொல்வது போலச் சொன்னாள். "முட்டை குடுத்தா பக்கத்துல உக்காரலாம் அத்தை. பிஸ்கட் குடுத்தா கை கோத்துக்கலாம்." டின் எப்படிக் கிடைத்தது என்றேன். ஜன்னல் கம்பியில் கால் வைத்து, அலமாரிக் கைப்பிடியைப் பிடித்து ஏறினாளாம். அப்படி ஏறக் கற்றுக்கொடுத்தது எந்த விளையாட்டு டீச்சர் என்று நீயே ஊகித்துக்கொள். என்கிட்ட ஏண்டி சொல்லல என்று கேட்டேன். என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீதான அத்தை என்னைத் திருடனாக்கின?"

மைதானத்தில் மற்ற பிள்ளைகள் சத்து என்றால் என்ன என்று கற்றுக்கொண்டிருந்தபோது என் தம்பி மகள் பட்டினி கிடந்திருக்கிறாள். அதுவும் என் விசில் சத்தத்துக்குள். நான் சமைத்ததைச் சாப்பிட்டு வளர்ந்தது ஊரான் வீட்டுப் பிள்ளைகள்.

*

ஆகஸ்ட் 16

அண்ணிக்கு,

நீங்கள் கையெழுத்துப் போட மறந்துவிட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். திரும்பி வர இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். விடுதியில் பிள்ளைகளைச் சேர்க்கமாட்டார்கள். வெளியே அறை கிடைக்கிறதா என்று பார்ப்பேன், கிடைக்காவிட்டால் பயிற்சியை விட்டுவிடுவேன். பாதியில் விட்டால் மறுபடி எடுக்கமாட்டோம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். விட்டால் விட்டதுதான். அவள் சாப்பிடுவதை என் கண்ணால் பார்த்தால் போதும்.

நீங்கள் தெரிந்து செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் மனதில் இருப்பதை ஒரு முறையாவது எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் அது உள்ளேயே கிடந்து புளிக்கும். நான் பயந்தது பட்டினிக்கு மட்டும் இல்லை. கடுகுக்கு அவள் அப்பா ஜாடை. நீங்கள் அவளைப் பார்க்கும் பார்வையை நான் ஆரம்பத்திலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிறு, போனை வைப்பதற்கு முன்னால், அவள் உங்களைக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. "அம்மா, பேசி முடிச்சிட்டேன்" என்றாள். வாய் தவறித்தான் சொல்லியிருப்பாள். ஆனால் நீங்கள் திருத்தவில்லை. "வச்சிட்டு வா கண்ணு" என்றீர்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நீங்கள் என்னைப் படிக்க அனுப்பியது என் நல்லதுக்கா, அவளை வைத்துக்கொள்ளவா?

அவள் துணிமணிகளை எடுத்து வையுங்கள்.

கடுகின் அம்மா

*

ஆகஸ்ட் 19

உனக்கு,

இந்தக் கடிதத்தைத் துரிதத் தபாலில் அனுப்புகிறேன், நீ கிளம்புவதற்குள் வந்து சேர்ந்துவிடும்.

துணி துவைத்து மடித்து வைத்துவிட்டேன். நீ அவளைக் கூட்டிக்கொண்டு போனால் தடுக்கமாட்டேன், தடுக்க எனக்கு முகமும் இல்லை. அம்மா என்று அவள் கூப்பிட்டது உண்மை. நான் திருத்தாததும் உண்மை. உன்னைப் படிக்க அனுப்பியது எதற்கு என்ற கேள்விக்கு எனக்கே பதில் தெரியாது. தெரிந்தால் எழுதுகிறேன்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பயிற்சியை விட்டுவிட்டு வந்து, உனக்கும் வேலையில்லாமல் அவளுக்கும் பள்ளியில்லாமல் ஒரு அறைக்குள் அடைந்துகொண்டு என்ன செய்யப்போகிறாய்? நான் இதைச் சொன்னால் பிள்ளையை விடாமலிருக்கத்தான் சொல்கிறேன் என்பாய். அப்படியே நினைத்துக்கொள். யோசனை மட்டும் செய்.

ஆட்டத்தை மாற்றியிருக்கிறேன். கருப்புச் சட்டையை அடுப்பில் போடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு கடுகையே கூப்பிட்டு, "இந்தத் திருடனை என்னடி பண்றது?" என்று கேட்டேன். மணலில் விரலால் கோடு கிழித்துக்கொண்டே யோசித்தாள். "அதுக்கும் தட்டுல ஒரு எடம் குடு அத்தை. மூலைல, சின்னதா. எல்லாரும் வந்தப்புறம் கடைசியா வரட்டும்" என்றாள். ஏன் என்றேன். "எடமே இல்லைன்னாதான் அது எல்லார்கிட்டயும் புடுங்கும்" என்றாள்.

இப்போது தட்டின் ஓரத்தில் ஒரு சின்ன மூலை வரைந்திருக்கிறேன். எல்லா நிறமும் சேர்ந்த பிறகு, எல்லோருமாகத் திருடனைத் துரத்திப் பிடித்து அந்த மூலையில் கொண்டுவந்து உட்கார வைத்தால்தான் வெற்றி. கருப்புச் சட்டையை நான் போட்டுக்கொள்கிறேன். எனக்கு அது வயிற்றுக்குக் கீழே இறங்கமாட்டேன் என்கிறது. வருகிற டீச்சர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

மத்தியானம் நானும் தாழ்வாரத்தில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். மஞ்சள் கருவை அவள் எனக்குத் தள்ளிவிடுகிறாள். டப்பாவில் இப்போது மிச்சம் இருக்கிறது. மிச்சத்தைப் பார்த்து நான் சந்தோஷப்படும் காலம் வரும் என்று நினைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு எங்களுடையது. சீக்கிரம் வந்தால் பார்க்கலாம்.

அண்ணி

*

ஆகஸ்ட் 24

அண்ணிக்கு,

நான் வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். வந்தேன்.

கடைசி வகுப்புக்கு மணி அடிப்பதற்கு முன்பே வந்து, சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டிய கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். சொல்லிவிட்டு வந்தால் எனக்காக ஏதாவது ஜோடித்துக் காட்டுவீர்கள் என்று சந்தேகம். பார்த்தீர்களா, அப்போதும் என் சந்தேகப் புத்தி போகவில்லை.

கடுகு பச்சைப் பையைத் தூக்கிக்கொண்டு, 'முருங்கை, முருங்கை!' என்று கத்திக்கொண்டே ஓடினாள். கால் இடறி விழுந்தாள், தானே எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓடினாள். சுருட்டை முடிக்காரி இவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள், கையில் பிஸ்கட் எதுவும் இல்லை. பிறகு நீங்கள் அந்தக் கருப்புச் சட்டையில், மூச்சு வாங்க, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தேன். மொத்தப் பட்டாளமும் உங்கள் பின்னால். முதலில் பிடித்தது கடுகுதான். சட்டை நுனியைப் பிடித்து இழுத்து, "எல்லாரும் வந்தாச்சு, இப்ப நீயும் வா!" என்று அந்த மூலைக்குக் கொண்டுபோனாள்.

அவள் சிரித்த சிரிப்பை நான் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. கேட்டதும் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். எனக்குப் பொறாமை வந்தது அண்ணி. நான் இல்லாமலே சிரிக்க முடிகிறதே என்று. வேலியைப் பிடித்துக்கொண்டு கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் ஓட்டம் நின்றுவிடும், அழுகை தொடங்கும், பெட்டியைக் கட்டுவோம், பஸ் ஏறுவோம் என்று தோன்றியது. அந்த அறைக்குள் இந்தச் சிரிப்பை நான் எங்கிருந்து கொண்டுவருவேன்? அதனால் வந்த வழியே திரும்பிவிட்டேன். பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.

மார்ச் வரை அவள் உங்களிடம் இருக்கட்டும். ஞாயிறு போனில் இனி நீங்களும் பேசுங்கள். ஸ்பீக்கரைப் போடுங்கள், நான் கேட்கும்படியே பக்கத்தில் நில்லுங்கள்.

ஒரு சின்ன மனத்தாங்கல் மட்டும். அவ்வளவு நேரம் நின்றேன், நீங்கள் ஒரு முறையாவது இந்தப் பக்கம் திரும்பியிருக்கலாம். பார்த்திருந்தால் நீங்களே கூப்பிட்டிருப்பீர்கள்.

கடுகின் அம்மா

*

ஆகஸ்ட் 29

உனக்கு,

நான் பார்த்தேன்.

மழை இல்லாத நாளில் குடை பிடித்துக்கொண்டு வேலி ஓரம் யார் நிற்பார்கள்? அதுவும் என் தம்பியின் குடை. ஒரு கம்பி முறிந்து ஒரு பக்கம் தொங்கும், அதில் நீல நூலால் தையல் போட்டது நான்தான். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

கூப்பிடவில்லை. நீ எழுதியிருக்கிற மாதிரி திரும்பாமல் இருக்கவில்லை, திரும்பாமல் இருக்கப் பாடுபட்டேன். கடுகு உன்னைப் பார்த்துவிடக்கூடாதென்று எதிர்ப்பக்கமாகவே ஓடினேன். வேலிப் பக்கம் வந்த பிள்ளைகளை விசில் அடித்து அந்தப் பக்கம் விரட்டினேன். ஆட்டம் முடிந்த பிறகும் இன்னொரு சுற்று என்று இழுத்தேன், எனக்கு மூச்சு அடைத்துப்போயிருந்தது. கடைசியில் ஓரக்கண்ணால் பார்த்தபோது குடை இல்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்த 'அப்பாடா'தான் நீ கேட்ட கேள்விக்குப் பதில். உன் சந்தேகத்தில் பாதி தப்பு, பாதி சரி. உன்னைப் படிக்க அனுப்பியது உன் நல்லதுக்குத்தான். ஆனால் அனுப்பிய பிறகு எனக்கு ஆசை வந்துவிட்டது. உன் மகளை ஒரு சட்டை மாட்டித் திருடனாக்கினேன், நான் சட்டை மாட்டாமலே ஆகிவிட்டேன்.

அடுத்த முறை வேலி ஓரம் நிற்காதே. வாசல் வழியாக வா. நான் எந்தப் பக்கமும் ஓடமாட்டேன். செப்டம்பரில் உனக்கு விடுமுறை உண்டு என்று கடுகு சொன்னாள். இருமாமல்தான் சொன்னாள்.

இன்னொன்று எழுத வேண்டும், இதை எழுதத்தான் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன். நீ வந்துவிட்டுப் போன அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். ரொட்டி, பருப்பு, காய், எல்லாவற்றையும் அவளே போட்டுக்கொண்டாள். மஞ்சள் கருவைக்கூட மூக்கைச் சுளித்தபடி ஒரு கடி கடித்தாள். தட்டில் ஒரு மூலையை மட்டும் விரலால் வழித்துச் சுத்தமாகக் காலியாக வைத்திருந்தாள். அது பிஸ்கட்டுக்கா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். "கடைசியா ஒருத்தங்க வருவாங்கல்ல, அவங்களுக்கு" என்றாள்.

யாரைச் சொல்கிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீ வந்து கேள்.

கடுகின் அத்தை